சிவப்பு டேப் போன இடம்

1. ஏழரை மணி

சனிக்கிழமை காலை ஏழரை மணி. துபாய் அல் குசைஸில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த ஊழியர் குடியிருப்பின் மூன்றாவது மாடி. எனக்கு ஒரு பக்கம் கன்சல்டன்ட் அனுப்பிய இன்ஸ்பெக்டர், எகிப்துக்காரர், கையில் செக் லிஸ்ட். இன்னொரு பக்கம் எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் பிரபாகர் சார். எதிரே டிபி. டிபி என்றால் ஒரு மாடிக்கு வருகிற கரண்டைப் பிரித்து அறைகளுக்கு அனுப்புகிற பெட்டி. நான் எலெக்ட்ரிகல் ஃபோர்மேன். கீழே பிரேக்கர் பக்கத்தில் நின்றவனிடம் மொபைலில், "போடுறா" என்றேன்.

போட்டான்.

ட்யூப் லைட்டுகள் எரிந்தன. அவ்வளவு வெள்ளையாக ட்யூப் லைட் எரிந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த நொடி வராந்தா முழுக்கப் பட்டாசுக் கட்டு வெடித்த மாதிரி சத்தம். சோக் எல்லாம் கருகிப் புகை வந்தது. மூன்று அறைக்கு இரண்டு அறை என்ற கணக்கில் எல்லாம் போய்விட்டது. ஒரு பெயிண்டர் அந்த லைட்டுகளுக்குக் கீழே போட்டிருந்த ஏணியை ஒரு நிமிடம் முன்புதான் எடுத்துக்கொண்டு போயிருந்தான். அந்த ஏணியில் அவன் நின்றிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

யார் தவறு என்று கம்பெனி காகிதத்தில் ஒரு பெயரை எழுதி விஷயத்தை முடித்தது. அந்தப் பெயர் முனீஸ். அவன் வேலை போனது. அது சரிதானா என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வளைகுடாவுக்குக் கேபிள் வேலைக்குப் போகிற பிள்ளைகள் படிக்கட்டும். கிரிக்கெட் பைத்தியங்களும் படிக்கட்டும். இரண்டு கூட்டத்துக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

2. கைக்கு வந்த ரோல்

முழுப்பெயர் முனியசாமி. சாயல்குடி பக்கம் ஒரு கிராமம். அந்தச் சனிக்கிழமைக்கு ஒன்றரை வருடம் முன்னால் வந்தான். துபாயில் எங்கே திரும்பினாலும் கிரேன் நின்ற வருடங்கள் அவை. ஆள் கிடைத்தால் போதும் என்று விமானத்தில் ஏற்றினார்கள். இவன் விசாவில் எலெக்ட்ரிகல் ஹெல்பர் என்று இருந்தது. கரண்ட் வேலை தெரியுமா என்று கேட்டேன். ஊர்த் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டியிருப்பதாகச் சொன்னான். சீரியல் செட் கட்டியவனையெல்லாம் அனுப்பி வைக்கிற ஏஜெண்டை நன்றாகத் திட்டிவிட்டு வேலைக்குக் கூட்டிப்போனேன்.

முதல் நாள் நான் இரண்டாவது மாடிச் சாரத்தில் நின்று பைப் கட்டிக்கொண்டிருந்தேன். இன்சுலேஷன் டேப் ஒன்று எடுத்துக்கொண்டு மேலே வா என்று கீழே நின்ற இவனிடம் கத்தினேன். ஏறி வருவான் என்று கையை நீட்டியபடி நின்றேன். அவன் ஏறவில்லை. தரையில் நின்றபடி இடது கையால் எறிந்தான். சாரத்துக் குழாய்களுக்கு நடுவே இருந்த இடைவெளி வழியாக வந்து, ரோல் என் உள்ளங்கையில் உட்கார்ந்தது. நான் கையை அசைக்கவே இல்லை.

எனக்கு ஆத்திரம். சைட்டில் பொருளை எறிவது பெரிய குற்றம். இறங்கிப் போய்ப் பிடித்தேன்.

"ஏண்டா, எவன் தலையிலயாவது பட்டிருந்தா என்னடா பண்ணுவ?"

"படாதுண்ணே. உங்க கையத்தானே பாத்து எறிஞ்சேன்."

திமிராகச் சொல்லவில்லை. ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று சொல்வதுபோலச் சொன்னான். வேறு விஷயம் தேடித் திட்டினேன். ஹெல்மெட் பட்டி கட்டவில்லை.

3. பந்து

ஒரு மாதத்தில் ஸ்டோரில் டேப் குறைய ஆரம்பித்தது. மஞ்சள் இருக்கும், நீலம் இருக்கும், சிவப்பு மட்டும் இருக்காது. எலி தின்னாது, விற்றால் எவனும் வாங்க மாட்டான். ஒரு வெள்ளிக்கிழமை கேம்ப்புக்குப் பின்னால் இருந்த மணல் வெளிக்குப் போனேன். சிவப்பு டேப் எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மணல் வெளியை இப்போது தேடினால் கிடைக்காது, கட்டடம் வந்துவிட்டது. அப்போது வெள்ளிக்கிழமை விடிந்தால் அங்கே பதினைந்து இருபது மேட்ச் பக்கம் பக்கமாக நடக்கும். ஒரு மேட்ச்சில் அடித்த பந்தை அடுத்த மேட்ச்சில் நிற்பவன் எடுத்துப் போடுவான். ஜும்மா தொழுகைக்கு முன் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் அவசரமாக ஆடுவார்கள். டென்னிஸ் பந்து மேல் எலெக்ட்ரிகல் டேப்பை இறுக்கிச் சுற்றினால் அதுதான் பந்து. கனமாகும், வேகமாகப் போகும். ஒரு பக்கம் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் காற்றில் வளையும். பந்து சுற்றுவதில் முனீஸ் கைக்கு ஈடு கிடையாது. என் சைட்டில் ஒரு கேபிளைக்கூட அவன் அவ்வளவு சுத்தமாகச் சுற்றியதில்லை.

"கறுப்பு டேப் பெட்டி பெட்டியா கெடக்கு, அதை எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானேடா" என்று கேட்டேன்.

"செவப்புன்னாத்தான் பந்துண்ணே. மத்ததெல்லாம் வெறும் உருண்டை."

திட்டத்தான் போனேன். இரண்டு ஓவர் பார்த்துவிட்டுத் திட்டலாம் என்று நின்றேன். ஜும்மா பாங்கு சொல்லும் வரை நின்றேன். அவன் ஓடி வருவது நாலே அடி. அந்த நீளக் கை சுற்றி வருவது கண்ணுக்குத் தெரியாது. பேட்ஸ்மேன் மட்டையைக் கீழே இறக்குவதற்குள் பந்து அவன் கால் விரலுக்கு அடியில் போய் ஸ்டம்பைச் சாய்த்திருக்கும். பேட்டிங் வந்தால் இன்னும் மோசம். பக்கத்து மேட்ச்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார்கள். எங்கள் கீப்பர் ஒரு பெஷாவர் டிரைவர். முனீஸ் போடும்போது மட்டும் இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொள்வார். "யே ஆத்மி நஹி, மெஷின் ஹை பாய்" என்பார், இவன் மனுஷன் இல்லை, மெஷின் என்று.

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனேன். டேப்பைக் கண்காணிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டேன்.

4. லைட் ட்யூட்டி

அவனை நல்லவன் என்று சொல்ல மாட்டேன். ஹெல்பராக அவன் தண்டம். மத்தியானம் தேடினால் காலியான கேபிள் டிரம்முக்குள் நிழலில் சுருண்டு தூங்குவான். எதைச் சொன்னாலும் "நாளைக்குப் பண்ணிருவோம்ணே" என்பான். லீவு வேண்டும் என்று ஒரே பெரியப்பாவை ஒரே வருடத்தில் இரண்டு தடவை சாகடித்தான். இரண்டாவது தடவை நான் ஞாபகப்படுத்தியபோது, "இவரு இன்னொரு பெரியப்பாண்ணே" என்றான். அப்படி ஒருவர் கிடையாது என்று அவன் ஊர்க்காரனே என்னிடம் சொன்னான். பொய்யை இவ்வளவு இனிமையாகச் சொல்கிற ஆளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

மைதானத்திலும் ஒழுங்கு இல்லை. கேலி செய்த பேட்ஸ்மேனின் தலைக்குக் குறி வைப்பான். கேட்ச் விட்டவனை மேட்ச் முடியும் வரை முறைப்பான். எங்கள் டீமில் அதிகமாகக் கேட்ச் விடுகிறவர் கேப்டன். கேப்டன் யார் என்றால் பிரபாகர் சார்.

பிரபாகர் சார் சென்னைக்காரர், எஞ்சினியர், ஷார்ஜாவில் குடும்பத்தோடு இருந்தார். காலேஜில் ஆடியவராம். கம்பெனிகளுக்கு இடையே நடக்கும் கோப்பையை ஒரு தடவையாவது தன் டேபிளில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. ஒருமுறை ஒரே ஓவரில் இரண்டு கேட்ச் விட்டார். முனீஸ் பந்தைக் கீழே போட்டுவிட்டு நேராக நடந்து போய்த் தண்ணி லாரி நிழலில் உட்கார்ந்துவிட்டான். யார் கூப்பிட்டும் வரவில்லை. நான் போனேன்.

"எந்திரிடா. அவரு உன் மேனேஜர்."

"மேனேஜர்னா சைட்ல இருக்கட்டும்ணே. பந்து அவரப் பாத்துச் சிரிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் காது கூசும்படி இரண்டு வார்த்தை வைதேன். உடனே எழுந்து வந்து மீதி ஓவரைப் போட்டான். மற்றவர்கள் கெஞ்சினால் முறுக்கிக்கொள்வான். நான் வைதால் வருவான். ஏன் என்று தெரியாது.

அவன் நடந்து போனதற்குப் பிரபாகர் சார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "முனீஸுக்கு வியாழக்கிழமை லைட் ட்யூட்டி குடுங்க. தோள் முக்கியம்" என்றார். சிமெண்ட் மூட்டை தூக்குகிற இருநூறு பேருக்குத் தோள் இல்லையா என்று கேட்டேன். கேட்டு ஒன்றும் ஆகவில்லை.

5. நாலு கறுப்பு

இனி வேலை விஷயம். கவனமாகப் படிக்கவும்.

அந்தக் கட்டடத்தில் கீழே எலெக்ட்ரிகல் ரூமிலிருந்து மூன்றாவது மாடி டிபிக்கு நாலு தனித்தனிக் கேபிள் போகிறது. மூன்று பேஸ், அதாவது கரண்ட் வருகிற கேபிள். ஒரு நியூட்ரல், கரண்ட் திரும்புகிற கேபிள். நாலுக்கும் மேலுறை கறுப்பு. பார்த்தால் எது எது என்று தெரியாது. அதனால் கீழே ஒருவன், மேலே ஒருவன் நின்று பெல் அடித்துப் பார்க்க வேண்டும். பேட்டரியும் மணியும் வைத்த சின்னப் பெட்டி அது. இரண்டு பேரும் ஒரே கேபிளின் முனையைப் பிடித்திருந்தால் மணி அடிக்கும். அடித்ததும் இரண்டு முனையிலும் ஒரே நிற டேப் சுற்ற வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ். கறுப்பு டேப் நியூட்ரல். பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் நியூட்ரலை மாட்டினால், 230 வோல்ட் போக வேண்டிய அறைக்கு 400 போகும். அப்புறம் லைட் வெடிக்கும், ஆளும் போகலாம்.

வியாழக்கிழமை முனீஸுக்கு லைட் ட்யூட்டி. பெல் அடித்து டேப் சுற்றுகிற வேலையைக் கொடுத்தேன். அதை விட லேசான வேலை என்னிடம் இல்லை. அவனும் இன்னொருவனும் நாலு கேபிளையும் பெல் அடித்துப் பார்த்தார்கள். கீழ்முனையில் நாலு நிறமும் சுற்றி, லக், அதாவது கேபிள் முனையைத் திருகி மாட்டுவதற்கான செம்புக் காது, அதையும் அடித்து மாட்டிவிட்டான். மேல்முனைக்கு லக் தீர்ந்துவிட்டது, சனிக்கிழமை காலை வரும் என்றார்கள். மேல்முனையில் டேப் மட்டும் சுற்ற வேண்டும்.

சனிக்கிழமை ஏழரைக்கு இன்ஸ்பெக்ஷன். அதற்கு டெஸ்ட் ஷீட் வியாழக்கிழமையே போக வேண்டும். மேலே மாட்டாத கேபிளுக்கு எப்படி டெஸ்ட்? நான் உட்கார்ந்து ரீடிங் எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். எல்லா ஃபோர்மேனும் செய்கிறதுதான் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. மறுநாள் ஃபைனல். பஸ் ஐந்து மணிக்குப் போகிறது, சீக்கிரம் தூங்க வேண்டும். உண்மைக் காரணம் அதுதான்.

6. கடைசி ஓவர்

எதிர் டீம் அஜ்மானில் கேம்ப் வைத்திருந்த ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனி. எல்லோரும் டிரைவர்கள், மலை மலையாக இருந்தார்கள். கடைசி ஓவரில் அவர்கள் ஜெயிக்க ஆறு ரன் வேண்டும். பந்து முனீஸ் கையில்.

முதல் பந்து காலடியில். ரன் இல்லை. இரண்டாவதில் ஒரு ரன். மூன்றாவதில் ஸ்டம்ப் விழுந்தது. நாலாவது பந்தைப் புதிதாக வந்தவன் மேலே தூக்கினான். அது பிரபாகர் சார் கைக்கு நேராக வந்தது. அவர் கையைக் கும்பிடுவதுபோல வைத்தார். பந்து நடுவில் புகுந்து கீழே விழுந்தது. இரண்டு ரன் ஓடிவிட்டார்கள். இன்னும் இரண்டு பந்து, மூன்று ரன்.

முனீஸ் பிரபாகர் சாரைப் பார்த்தான். எங்கள் ஆட்கள் தண்ணி லாரியைப் பார்த்தார்கள். அவன் நடக்க ஆரம்பித்தான். தண்ணி லாரிப் பக்கமாக அல்ல, நான் நின்ற கோட்டுப் பக்கமாக. பந்தில் டேப் கிழிந்திருந்தது. பாக்கெட்டிலிருந்து ஒரு சிவப்பு ரோலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். அந்த ரோலின் உள்வளையத்தில் ஸ்டோர் கீப்பர் போடுகிற பேனா அடையாளம் தெரிந்தது. என் சைட்டின் கடைசிச் சிவப்பு ரோல் அது.

"டேய், இது இங்க இருக்குன்னா மேல ரெட்டுக்கு என்னத்தடா சுத்துன?"

அவன் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேல ரெட்டுக்கு மட்டும் சுத்தலண்ணே. மஞ்ச, நீலம், கறுப்பு சுத்தியிருக்கேன். சும்மா இருக்கறதுதான் ரெட்டு. நாளைக்குக் காலைல வந்து சுத்திருவேன்."

அந்த இடத்திலேயே அவனைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். நான் அவன் தோளைத் தள்ளி, "போயி ஒழுங்கா போடுறா" என்றேன்.

ஐந்தாவது பந்தைத் தட்டிவிட்டு ஓடினார்கள். பந்து பக்கவாட்டில் போனது. முனீஸ் பாய்ந்து எடுத்து, விழுந்துகொண்டே எறிந்தான். அந்தக் கோணத்தில் ஒரே ஒரு ஸ்டம்ப்தான் தெரியும். அது விழுந்தது. ஆறாவது பந்து வேறு ஒன்றும் இல்லை. நாலு அடி ஓட்டம், கை சுற்றியது, ஸ்டம்ப் மணலில் கிடந்தது. அந்த மலை மாதிரி ஆள் தன் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் என்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தொண்டை கட்டிக்கொண்டு இரண்டு நாள் சரியாகப் பேச்சு வரவில்லை. பிரபாகர் சார் கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். முனீஸ் மணலில் உட்கார்ந்து பந்திலிருந்து மணலைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

7. மறுபடியும் சனிக்கிழமை

காலை ஆறரைக்கு லக் வந்தது. முனீஸ் முதல் பஸ்ஸில் வரவில்லை. வெள்ளிக்கிழமை முழுக்க அவனைத் தோளில் வைத்துக் கொண்டாடியிருந்தார்கள், தூங்குகிறான் என்றார்கள். மற்ற ஆட்களை வேறு மாடிக்கு அனுப்பியிருந்தேன். நானே லக்கை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

டிபிக்குப் பக்கத்துச் சுவரில் வியாழக்கிழமை சாயந்தரம் பூச்சுக்காரர்கள் பூசியிருந்தார்கள். ஈரச் சாந்து கேபிள் மேல் வழிந்து காய்ந்திருந்தது. மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது. கறுப்பு டேப் ஈரத்தில் நழுவி எங்கோ விழுந்துவிட்டது. இப்போது டேப் இல்லாத கறுப்புக் கேபிள் இரண்டு. ஒன்று ரெட், ஒன்று நியூட்ரல்.

பெல் அடிக்க வேண்டும். அதற்குக் கீழே ஓர் ஆள் வேண்டும். ஆள் தேட நேரம் ஆகும். நான் இரண்டையும் பார்த்தேன். கேபிளை வரிசையாக வைக்கும்போது இடது ஓரத்தில் ரெட்டில் ஆரம்பித்து வலது ஓரத்தில் நியூட்ரலில் முடிப்போம். என் சைட்டில் எல்லோரும் அப்படித்தான் வைப்பார்கள். இடது ஓரத்தை ரெட்டில் மாட்டினேன். வலது ஓரத்தை நியூட்ரலில் மாட்டினேன்.

முனீஸ் இடதுகைக்காரன். அவன் வலது ஓரத்திலிருந்து ஆரம்பித்து அடுக்கியிருந்தான். ஒன்றரை வருடம் அந்தக் கையைப் பார்த்துக் கை தட்டியவன் நான். அந்த ஒரு நிமிடம் அது எனக்கு ஞாபகம் வரவில்லை.

ஏழு இருபதுக்கு அவன் வந்து நேராகக் கீழே எலெக்ட்ரிகல் ரூமுக்குப் போய்விட்டான். இன்ஸ்பெக்டர் மேலே வந்துவிட்டார். நான் மொபைலில் கூப்பிட்டு பிரேக்கரைப் போடச் சொன்னேன்.

"அண்ணே, மேல ரெட்டுல டேப் இல்லையே. பெல் அடிச்சுப் பாத்துட்டீங்கள்ல?"

அவன்தான் கேட்டான். டிரம்முக்குள் தூங்குகிறவன், பெரியப்பாவை இரண்டு தடவை கொன்றவன், அவன் கேட்டான்.

"இருபத்தாறு வருசமா கேபிள் மாட்டுறேன்டா. நீ எனக்குச் சொல்லித் தராத. போடுறா."

அப்புறம் போட்டான். டிபி மெயின் ஸ்விட்சை ஆஃபில் வைத்து, கரண்ட் வந்ததும் டெஸ்டரை ஒரு தடவை வைத்துப் பார்த்திருந்தால், ரெட் இடத்தில் டெஸ்டர் லைட்டே எரிந்திருக்காது. அதற்கு அரை நிமிடம் போதும். டெஸ்டர் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

8. ஆபீஸ்

மத்தியானம் இரண்டு பேரையும் பிரபாகர் சார் கூப்பிட்டார். டேபிள் மேல் கோப்பை இருந்தது. இன்ஸ்பெக்டர் எழுத்தில் ரிப்போர்ட் கேட்டிருந்தார், யார் என்ற பெயரோடு. கேபிளுக்கு டேப் சுற்றியது யார் என்று சார் கேட்டார்.

"நாந்தான் சார். செவப்பு டேப்ப பந்துக்கு எடுத்துட்டேன்" என்றான் முனீஸ்.

பிரபாகர் சார் கோப்பையைப் பார்த்தார், உடனே பார்வையை எடுத்தார். முனீஸை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க பேரு போட்டா டெஸ்ட் ஷீட்டையெல்லாம் தோண்டுவாங்க. கம்பெனிக்கே பிரச்சினை. ஹெல்பர்னா இதோட முடிஞ்சிடும். விசா கேன்சல் பண்ணி அனுப்பிடலாம். டோர்னமெண்ட்டும் முடிஞ்சிருச்சு."

கடைசி வாக்கியத்தை அவர் சாதாரணமாகச் சொன்னார். சைட்டில் இருநூறு பேருக்குக் கேட்கிற மாதிரி திட்டுகிறவன் நான். மேனேஜர், கன்சல்டன்ட், யாரையும் விட்டதில்லை. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. எனக்கு விருதுநகரில் பாதி கட்டிய வீடு, காலேஜில் இரண்டு பிள்ளைகள். அவனுக்கும் ஊரில் ஆட்கள் உண்டு. அதை நான் யோசிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து ஆபீஸுக்குப் போனேன். மாட்டியது நான், பெல் அடித்தீர்களா என்று அவன் கேட்டான், நான்தான் வைது போடச் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ரிப்போர்ட் போய்விட்டது, இப்போது சொல்லி யாருக்கு என்ன லாபம், கலாஸ், முடிந்துவிட்டது, விடுங்கள் என்றார் பிரபாகர் சார். அப்போது கத்தினேன். அதற்காக என்னை அஜ்மான் சைட்டுக்கு மாற்றினார். மூன்று நாள் முன்னால் கத்தியிருக்க வேண்டியது. நேரம் தவறிக் கத்துவதற்குப் பெயர் தைரியம் இல்லை.

முனீஸ் கிளம்புகிற அன்று கேம்ப்புக்குப் போனேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். துணிகளுக்கு நடுவே அந்த ஃபைனல் பந்தை வைத்தான். மன்னிச்சுக்கோடா என்று சொல்லத்தான் போனேன். வாயைத் திறந்தால், கம்பெனி டேப்பை ஊருக்குக் கொண்டு போகிறாயா என்று வந்தது. "ஒரு உருண்டைதாண்ணே" என்று சிரித்தான். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

9. ஓவர் முடியட்டும்

அவன் விசாவில் தடை விழுந்தது, சில காலம் அந்த நாட்டுக்குள் வர முடியாது. அது முடிந்த பிறகும் அவன் திரும்பி வரவில்லை. நான் இன்னும் பத்து வருடத்துக்கு மேல் இருந்து, ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்தேன். வந்த மூன்றாவது மாதம் சாயல்குடிக்குப் பஸ் ஏறினேன். அவன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறான், போர் மோட்டார் பார்க்கிறான், நல்ல பெயர் என்று டீக்கடையில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கண்மாய்க்குள் ஆடிக்கொண்டிருப்பான் என்றும் சொன்னார்கள்.

கண்மாயில் தண்ணீர் இல்லை, கிரிக்கெட் இருந்தது. முனீஸ் தலை பாதி நரைத்திருந்தது. வலது முழங்காலில் பட்டி. ஓட்டம் நாலு அடியிலிருந்து இரண்டு அடியாகியிருந்தது. அந்தக் கை மட்டும் மாறவில்லை. என்னைப் பார்த்துவிட்டான். கையைத் தூக்கினான்.

"ஓவர் முடியட்டும்ணே."

முடித்துவிட்டுத்தான் வந்தான். கருவேல மர நிழலில் உட்கார்ந்தோம். பஸ்ஸில் வரும்போது மூன்று தடவை சொல்லிப் பார்த்து வந்ததைச் சொன்னேன். அன்னைக்கு மாட்டுனது நான்தான்டா, தப்பு என்னுது, சொல்லாம நின்னுட்டேன் என்றேன். அவன் டம்ளரில் இருந்த தண்ணீரைக் குடித்து முடித்தான்.

"தெரியும்ணே. கீழ நான் சரியாத்தான மாட்டியிருந்தேன். அப்பறம் மேலதான தப்பு?"

"தெரிஞ்சு ஏண்டா வாயப் பொத்திக்கிட்டு நின்ன?"

"எனக்கு ஊருக்கு வரணும்னு இருந்துச்சுண்ணே. பங்குனித் திருவிழாவுக்கு இங்க டோர்னமெண்டு. லீவு கேட்டா நீங்க குடுக்க மாட்டீங்க. சாகறதுக்குப் பெரியப்பாவும் இல்ல."

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்புறம் வந்தது. பொய்யா உண்மையா என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அது ஒருநாளும் தெரிந்ததில்லை. பங்குனித் திருவிழா உண்மை. அந்த வருடக் கோப்பை அவர்களுக்குத்தான் என்று டீக்கடைக்காரரும் சொன்னார். மற்றது அவனுக்குத்தான் தெரியும். இவ்வளவு வருடம் நான் நெஞ்சில் வைத்திருந்ததை ஒரு டோர்னமெண்ட் என்று சொல்லி வாங்கிக் கீழே வைத்துவிட்டான்.

அவனை அடுத்த ஓவருக்குக் கூப்பிட்டார்கள். எழுந்தான். பாக்கெட்டிலிருந்து சிவப்பு ரோலை எடுத்துப் பந்துக்கு ஒரு சுற்று போட்டான்.

"ஏண்டா, இது எந்த வீட்டு வயரிங்குக்கு வாங்குனது?"

"இது ஏங் காசுண்ணே. வேலைக்குன்னு வாங்குறது தனியா வீட்ல இருக்கு. அதத் தொடவே மாட்டேன்."

வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மாட்டாத கேபிளுக்கு ரீடிங் எழுதாதே. டேப் இல்லாத கேபிளைக் கையால் தொடும் முன் பெல் அடி. எவ்வளவு வருட சர்வீஸ் இருந்தாலும் அடி. கீழே நிற்கிறவன் பெல் அடித்தாயா என்று கேட்டால், அவன் யாராக இருந்தாலும், டிரம்முக்குள் தூங்குகிறவனாக இருந்தாலும், வையாதே. பதில் சொல்லு.